உரிமையாளர்: வாகீசன்

வாகீசன் இறந்து ஒரு பனிக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. ஆனாலும் அலுவலகத்துக் கணினிகளுக்குள் அவர் பெயரில் சில காரியங்கள் நடந்துகொண்டேயிருந்தன. ஒன்று ஒவ்வொரு காலையும் எழும்பிப் பழைய பதிவுகளைக் கூட்டிப் பெருக்கியது. இன்னொன்று காப்புறுதி இலக்கங்களைச் சரிபார்த்தது. எல்லாவற்றின் நெற்றியிலும் ‘உரிமையாளர்: வாகீசன்’ என்று எழுதியிருந்தது. செத்துப்போன மனிதர் ரொறொன்ரோ நகரின் நடுவில், ஒரு உயரமான கட்டடத்தில், சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துபோகிறார் என்று துர்க்காவுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அது ஒரு பெரிய காப்புறுதி நிறுவனம். அதன் நூற்றுக்கணக்கான கணினி நிரல்கள் ஓடுவதற்கான மேடையைப் பராமரிக்கும் சிறிய குழுவில் துர்க்கா இருந்தாள். நிரல்கள் ஓடும் இயந்திரங்கள் வாடகைக்கு எடுத்தவை. எந்த ஊரில் இருக்கின்றன என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நிரலையும் ஒரு கொண்டெய்னருக்குள் அடைத்து அந்த இயந்திரங்களில் ஏற்றிவிடுவார்கள். கொண்டெய்னர் செத்தால் அதே மாதிரி இன்னொன்று நொடியில் பிறக்கும். பெயர்கூட எழுந்தமானமாக விழும் எழுத்துக்கள்தான். ஒன்று போனதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படத் தேவையில்லாதபடி செய்வதுதான் அந்தத் தொழிலே.

வாகீசன் கொண்டெய்னரைப் ‘பெட்டி’ என்றுதான் சொல்லுவார். துர்க்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், தான் எழுதிய நிரலைப் பெருமையோடு அவரிடம் காட்டினாள். அவர் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

“பெட்டிக்குள்ள ஒண்டும் வையாதையும், துர்க்கா. இது மாக்கம் ரோட் பஸ் மாதிரி. சாமானை வைச்சிட்டு இறங்கிப்போய், நாளைக்கும் அதே பஸ் வருமெண்டு நிண்டால் வராது.”

வைக்க வேண்டியதை வெளியே, தனியான சேமிப்பு வட்டில் வைக்கவேண்டும். பெட்டி சாகும், வட்டு சாகாது. யார் பெட்டிக்குள் எதையாவது எழுதினாலும் வாகீசன் கண்டுபிடித்துவிடுவார். எத்தனை பெரிய பதவிக்காரரின் நிரலாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார். தமிழ்நாட்டிலிருந்து வந்து அதே குழுவில் வேலை செய்த செந்தில்நாதன் அவருக்குச் ‘சுங்க அதிகாரி’ என்று பெயர் வைத்திருந்தான்.

பங்குனி மாதத்தில் குழுவின் மனேஜர் ஷரோன், உரிமையாளர் இல்லாத எதுவும் இனி மேடையில் இருக்கக்கூடாது என்று அறிவித்தாள். ஷரோன் வாகீசனின் இறுதிச் சடங்குக்கு வந்து, செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றவள். கல்நெஞ்சுக்காரி அல்ல. ஆனால் விதி விதிதான். வாகீசனின் காரியங்களை ஒவ்வொன்றாக உயிரோடிருப்பவர்களின் பெயருக்கு மாற்றும் வேலை துர்க்காவிடம் வந்தது.

அவற்றில் ஒன்றை மட்டும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. அது பரீட்சார்த்த வேலைகளுக்கென ஒதுக்கிய இயந்திரக் கூட்டமான கிளஸ்ரரில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ‘கதை’. காப்புறுதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரோ வெளியிலிருந்து ஒவ்வொரு இரவும் அதன் கதவைத் தட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முகவரி ஸ்காபரோப் பக்கம், வாகீசனின் வீடு இருந்த பக்கம்.

அவள் வாகீசனின் மனைவி யோகராணிக்குத் தொலைபேசி எடுத்தாள். ஓம், அது நாங்கள்தான் என்றார் யோகராணி.

வாகீசனுக்கு மாதத்தில் ஒரு வாரம் ‘ஓன்கோல்’ முறை வரும். எங்கே எது உடைந்தாலும் அலாரம் அவருக்குத்தான் அடிக்கும். அந்த வாரங்களில் மகள் நிலக்சியின் படுக்கை நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே அலுவலக மேசையில் இருந்தபடியே ஒரு கதையைச் சொல்லிப் பதிவுசெய்து, அந்தச் சின்ன நிரலுக்குள் போட்டுவிடுவார். வீட்டில் நிலக்சி தன் ரப்லெற்றின் திரையில் அதை அமத்திக் கேட்பாள். கதைகளுக்கான படங்களை அவளே கீறிக் கொடுப்பாள். மூளையில் இரத்தம் கசிந்து அவர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து முடிந்த பிறகும் அந்த ரப்லெற் நிற்கவில்லை.

வேறெங்கும் அவர் குரல் இல்லை என்றார் யோகராணி. வீடியோக்கள் எல்லாவற்றிலும் கமெராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். வாயே திறக்கமாட்டார். கலியாண வீடியோவில் மணவறைப் பேச்செல்லாவற்றையும் அழித்துவிட்டு, சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். இருந்ததெல்லாம் அந்தக் கதைகள்தான்.

“நான் கேக்கிறது ஒண்டுதான், துர்க்கா. அதை நிப்பாட்டிப் போடாதையும். பிள்ளை அதைக் கேக்காமல் நித்திரை கொள்ளாது.”

நிற்பாட்டமாட்டேன் என்று துர்க்கா வாக்குக் கொடுத்தாள்.

யோகராணியின் சம்மதத்தோடு ஒரு கதையைக் கேட்டும் பார்த்தாள். மதிய இடைவேளையில், ஆளில்லாத ஒரு கூட்ட அறையில் காதுக்குள் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குப்பைத் தொட்டியின் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரு ரக்கூனின் கதை அது. ரக்கூன் பூட்டில் கையை வைக்கிற நேரம் வாகீசனின் அலாரம் அடித்தது. ‘பொறு குஞ்சு, அப்பாக்கு ஒரு வேலை வந்திட்டுது’ என்றது குரல். பிறகு விசைப்பலகையின் சத்தம், நீளமாக. அவர் அதை வெட்டி எடுக்கவில்லை. வேலை முடிந்ததும், ‘ரக்கூன் பாவம், இவ்வளவு நேரமும் கையை வைச்சுக்கொண்டு நிண்டது’ என்று கதை தொடர்ந்தது. துர்க்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஷரோனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியாள் ஒருவர் திறக்கக்கூடிய கதவு அலுவலகத்தில் இருப்பது தவறுதான் என்றாள் ஷரோன். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, உன் பெயரைப் போட்டுக்கொள், நான் பார்க்கவில்லை என்றாள்.

அன்றிலிருந்து ‘கதை’யின் உரிமையாளர் துர்க்கா.

வைகாசியில் பரீட்சார்த்தக் கிளஸ்ரரைப் புதுப்பிக்கும் முறை வந்தது. இது வழமையான வேலை. பழைய இயந்திரங்கள் ஒவ்வொன்றையும் காலிசெய்து, பெட்டிகளைப் புதிய இயந்திரங்களில் ஏற்றிவிட்டு, பழையதை வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. கொடுத்த இயந்திரத்துக்குள் இருந்ததெல்லாம் அந்தக் கணமே துடைக்கப்படும். பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலை முழுவதும் நடக்கிறது.

துர்க்கா ‘கதை’க்காகத் தனியாக ஒரு பொழுதை ஒதுக்கினாள். வாகீசன் அதற்கென்று இணைத்திருந்த சேமிப்பு வட்டைத் தேடிப் பிடித்தாள். அது இருந்தது, முறையாக இணைக்கப்பட்டிருந்தது, உள்ளே இருந்த கோப்புகளுக்கு நல்ல பருமனும் இருந்தது. முழுவதையும் ஒரு பிரதி எடுத்தாள். பிறகு பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்து வேறொரு நகரத்து இயந்திரத்தில் வைத்தாள். யோகராணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள்: கொப்பி எடுத்துவிட்டேன் அக்கா, இனி ஒன்றுக்கும் பயமில்லை.

செந்தில்நாதன் பக்கத்துக் கதிரையில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெட்டிக்குள்ளயும் ஒரு தடவ எட்டிப் பாத்துடலாமே துர்க்கா. ஒரு நிமிஷ வேலை.”

“வாகீசன் அண்ணையின்ரை பெட்டிக்குள்ளையோ? அவர் அதுக்குள்ள ஒரு குண்டூசிகூட விட்டிருக்கமாட்டார்.”

“அதுவும் சரிதான். கை விட்டா மனுஷன் எழுந்து வந்து திட்டுவாரு.”

இருவரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு அவரைப் பற்றிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் திறந்து பார்ப்பது அவரை நம்பாமல் அவருடைய பையைச் சோதிப்பதுபோல இருந்தது துர்க்காவுக்கு. அவள் பார்க்கவில்லை.

புதுப்பிப்பு வியாழக்கிழமை நடந்தது. அதைவிடச் சுத்தமாக ஒரு புதுப்பிப்பு அந்த நிறுவனத்தில் நடந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின, பெட்டிகள் பிறந்தன, திரை முழுவதும் பச்சைப் புள்ளிகள். ‘கதை’யும் புது இயந்திரத்தில் எழும்பிப் பச்சையாக நின்றது. துர்க்கா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நிலக்சியின் படங்கள் வரிசையாக வந்தன. ரக்கூன், மஞ்சள் பஸ், தொப்பி போட்ட ஒரு நிலா. அவள் நிம்மதியாக மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷரோன் எல்லோருக்கும் டோனட் வாங்கி வைத்தாள். செந்தில்நாதன் தன்னுடையதில் பாதியைத் தின்றுகொண்டே, இந்த வெற்றியைச் சுங்க அதிகாரிக்குச் சமர்ப்பிக்கவேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது துர்க்காவின் தொலைபேசியில் யோகராணியின் செய்தி வந்தது.

‘துர்க்கா, ரப்லெற்றில சத்தம் வரேல்லை. வொலியூம் கூட்டிப் பாத்தன். அதுக்கு என்ன நடந்திட்டுது எண்டு சொல்லுவீரோ?’

அவள் மேசைக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து ரக்கூனை அமத்தினாள். கதை ஓடுவதற்கான கோடு நகரவில்லை. பஸ்ஸை அமத்தினாள். நிலாவை அமத்தினாள். படங்கள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிரதியைத் திறந்தாள். பிரதியின் பிரதியைத் திறந்தாள். படங்கள், படங்கள், படங்கள். பிள்ளையின் வண்ணத்தாள்களை உயர்ந்த தரத்தில் படமெடுத்துச் சேர்த்திருந்தார் வாகீசன். அந்தப் பருமனைத்தான் அவள் குரல் என்று நினைத்திருந்தாள்.

நிரலை ஆரம்பத்திலிருந்து வாசித்தபோது நடந்தது விளங்கியது. படங்களைக் காட்ட மட்டும் முதலில் எழுதியபோது எல்லாம் ஒழுங்காக வட்டுக்குப் போயிருக்கிறது. குரலை அவர் பிறகுதான் சேர்த்திருக்கிறார், ஒரு ஓன்கோல் வாரத்தில். நிரலில் பதிந்திருந்த திகதியைப் பார்த்தபோது அவளுக்கு அந்த வாரம் நினைவுக்கு வந்தது. நிலக்சிக்குக் காய்ச்சல் என்று வாகீசன் அடிக்கடி எழும்பிப்போய் வீட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். இடையிலே மேடையும் உடைந்து உடைந்து விழுந்தது. அந்த அவசரத்தில் குரலைப் பெட்டிக்குள்ளேயே எழுதிவிட்டிருக்கிறார். பிறகு மாற்றலாம் என்று நினைத்திருப்பார். யாரும் தொடாத மூலை என்பதால் அந்தப் பெட்டி ஒருமுறைகூடச் சாகவில்லை. கதைகள் ஒவ்வொன்றாக உள்ளே சேர்ந்தன. அவர் செத்த பிறகும் அது சாகாமல் கிடந்தது. அவள்தான் போய், முறைப்படி, ஒரு பிழையும் இல்லாமல் அதைக் கொன்றாள்.

பெட்டி உயிரோடு இருந்தபோது அதற்குள்ளிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க ஒரேயொரு வரிக் கட்டளை போதுமாக இருந்திருக்கும்.

செந்தில்நாதன் அன்று முழுவதும் அவளோடு உட்கார்ந்திருந்தான். வாடகை நிறுவனத்துக்கு எழுதினார்கள், தொலைபேசியிலும் பிடித்தார்கள். மறுமுனையில் இருந்தவர் கனிவாகத்தான் பேசினார். திருப்பித் தந்த இயந்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது, அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார். ஷரோன் வந்து கேட்டுவிட்டு, துர்க்காவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கை பாரமாக இருந்தது.

அன்று இரவு யோகராணிக்கு ஒரு வரிதான் அனுப்பினாள். நாளைக்கு நேரில் வருகிறேன் அக்கா.

ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியிலிருந்த யோகராணியின் அடுக்குமாடிக்குப் போக இரண்டு பஸ் எடுக்கவேண்டும். சனிக்கிழமை பகலில் இரண்டும் நிறைந்திருந்தன. துர்க்கா நின்றபடியே சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அலுவலகத்தில் இதை எப்படி எழுதவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். யாரையும் குறைசொல்லக்கூடாது, என்ன நடந்தது, எப்படித் தவிர்ப்பது. வாகீசனே அவளுக்கு அதை எழுதப் பழக்கியவர். ஆனால் ஒரு மனைவியிடம் போய்ச் சொல்ல அந்த மொழியில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் குனிந்து நிமிர்ந்தது. இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று ஒருமுறை நினைத்தாள்.

நிலக்சி நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். யோகராணி கதவைத் திறந்து, வெயிலுக்குள்ளால வந்தனீரோ என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். துர்க்கா குசினி வாசலிலேயே நின்று சொன்னாள்.

“அக்கா, சத்தம் இனி வராது. அதை நான்தான் அழிச்சுப்போட்டன்.”

யோகராணி கேத்திலின் மூடியைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

“கொப்பி எடுத்தனான் எண்டெல்லோ எழுதினனீர்?”

“படம் இருந்த இடத்தைத்தான் கொப்பி எடுத்தனான். குரல் வேற இடத்தில இருந்தது.”

“அவர் ஏன் வேற இடத்தில வைச்சவர்?”

காய்ச்சல் வாரத்தைப் பற்றித் துர்க்கா சொன்னாள். சொல்லும்போதே, தான் செத்துப்போன ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறேனோ என்று கூசியது. பிழை அவருடையது இல்லை, திறந்து பார்க்காத தன்னுடையதுதான் என்று அவசரமாகச் சேர்த்தாள்.

“ஏன் திறந்து பாக்கேல்லை?”

“அவர் பிழை விடமாட்டார் எண்டு நினைச்சன் அக்கா.”

யோகராணி மூடியைக் கேத்திலில் மெதுவாகப் பொருத்தி, விசையைத் தட்டிவிட்டார்.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, துர்க்கா. கார்த் திறப்பை ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சிட்டு வீடு முழுக்கத் தேடுற மனுசன். பிள்ளையின்ரை பள்ளிக்கூடப் பாக்கைத் தோளில போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மனுசன். வீட்டில அவர் விடாத பிழையே இல்லை. பிழை விடமாட்டார் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் துர்க்காவுக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் கதிரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து படங்கள் எல்லாம் அடங்கிய சிறிய நினைவகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நிலக்சிக்கு நானே சொல்லவேண்டும் அக்கா, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள்.

“அவளுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை,” என்றார் யோகராணி.

தண்ணீர் கொதித்து, கேத்தில் தானாகவே நின்றது. யோகராணி அதை எடுக்கவில்லை.

“பிள்ளை அதைக் கேக்கிறதை விட்டுக் கனகாலம். பனிக்காலத்திலயே விட்டிட்டுது. இப்ப அவளுக்கு யூரியூப்பும் சிநேகிதப் பிள்ளையளும்தான். அப்பா எண்டு கேட்டாலும் சொண்டைப் பிதுக்கிக்கொண்டு எழும்பிப் போயிடுவாள். அவள் படுத்தாப்பிறகு நான்தான் அதைப் போட்டுக்கொண்டு கிடக்கிறனான்.” சேலைத் தலைப்பைத் தேடுவதுபோல அவர் கை தோளுக்குப் போனது. அவர் சட்டைதான் போட்டிருந்தார். “நாப்பது வயசுப் பொம்பிளை ரக்கூன் கதை கேட்டுக்கொண்டு படுக்கிறன் எண்டு உமக்கு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் பிள்ளையைச் சாட்டினனான்.”

கூட்ட அறையில் அந்தக் கதையைக் கேட்டபோது துர்க்கா நினைத்துக்கொண்டது ஒரு சிறுபிள்ளையின் காதை. இப்போது அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர் வேறு. பொறு குஞ்சு என்று சொல்லிவிட்டு வாகீசன் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்த அந்த நீண்ட நேரத்தை, ஒவ்வொரு இரவும், இருட்டில் காத்துக்கொண்டு கிடந்தவர் இவர்தான்.

யோகராணி எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அது இப்பவும் ஓடுதோ?”

“ஓம். படம் மட்டும் காட்டும்.”

“நேற்றும் போட்டனான். ஒவ்வொரு படமா அமத்திப் பாத்தன். எல்லாத்தையும் ரெண்டு தரம். இண்டைக்கும் அமத்துவன். எனக்குத் தெரியும், அமத்துவன்.” அவர் மேசையில் கிடந்த ரப்லெற்றைத் துர்க்காவின் பக்கம் தள்ளினார். “அதை நிப்பாட்டிவிடும்.”

துர்க்கா தயங்கினாள். படங்களாவது இருக்கட்டுமே என்றாள். படங்களின் தாள்கள் அலுமாரிக்குள் இருக்கின்றன என்றார் யோகராணி. துர்க்கா தான் கொண்டுவந்த லப்ரொப் கணினியைத் திறந்து அலுவலகத்தோடு இணைந்து, கட்டளையைத் தட்டினாள். ‘கதை’யையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் நீக்கும் கட்டளை. அமத்துவதற்கு முன் யோகராணியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“ஆஸ்பத்திரியிலயும் என்னைத்தான் கேட்டவை,” என்றார். “மூச்சு மெசினை நிப்பாட்டவோ எண்டு. அவரின்ரை தமையனும் நிண்டவர், தாயும் ஃபோனில இருந்தவ. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான்தான் ஓம் எண்டனான். இதையும் நானே செய்யிறன். எது எண்டு காட்டும்.”

துர்க்கா காட்டினாள். யோகராணி சுட்டுவிரலை விசையில் வைத்து, அழுத்தி, உடனே எடுத்துவிட்டார். சூடானதைத் தொட்டதுபோல இருந்தது.

திரையில் ‘நீக்கப்படுகிறது’ என்பதற்கான சொல் வந்து நின்றது. ‘கதை’யின் பெயரும் பக்கத்தில் இன்னும் இருந்தது. சிலவேளை இப்படித்தான் இழுக்கும், உள்ளே ஒவ்வொன்றாக அவிழ்க்கவேண்டும் என்று துர்க்கா மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினாள். யோகராணி தலையாட்டினார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மாக்கம் வீதியில் ஒரு பஸ் மூச்சு விட்டு நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. திரையில் ‘கதை’யின் பெயர் மறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் அடுத்த நிரலின் பெயர் ஏறி நின்றது.

“முடிஞ்சுதோ?”

“ஓம் அக்கா.”

“அங்கயும் இப்பிடித்தான்,” என்றார் யோகராணி. “ஒரு சத்தமும் வரேல்லை.”

பிறகு எழும்பிப்போய், ஆறிப்போன தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தார்.